தேர்தலில் தோற்ற கட்சி ஏன் உள்ளுக்குள் பிளவுபடுகிறது?

உட்கட்சிப் பிளவு என்பது, ஒரே கட்சியினர் தலைமையையோ அது செல்லும் பாதையையோ ஏற்க மறுத்துத் தனித்தனி அணிகளாக நிற்பதாகும். ஆட்சி கையில் இருக்கும்வரை பதவிகளும் வெற்றி வாய்ப்பும் அதிருப்தியை அடக்கி வைத்திருக்கும். தோல்வி வந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, யார் பொறுப்பு என்ற கேள்வி மேலெழும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய கடை நொடித்த பிறகுதான் பழைய கணக்கு நோட்டு புரட்டப்படும்; லாபம் வந்த நாளில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1977 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் 154 இடங்களாகச் சுருங்கி, இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றபோது, அவர் 1975இல் கொண்டுவந்து மக்களின் உரிமைகளை முடக்கிய நெருக்கடி நிலையின் பழியைச் சுமப்பது யார் என்ற சண்டை மூண்டு, 1978 ஜனவரியில் கட்சி இரண்டானது. நெருக்கடி நிலையின்போது வாய் திறக்காத தலைவர்கள் பலர் தோல்விக்குப் பிறகே பேசத் தொடங்கினார்கள் என்பது வருத்தத்துக்குரியது. கட்சியின் பழைய தேர்தல் சின்னமான பசுவும் கன்றும் கிடைக்காமல் போகவே, இந்திரா அணி கை சின்னத்தை ஏற்றது. இன்று சுவர்களில் நாம் காணும் கை, அந்தப் பிளவில் பிறந்தது.

பிளவுபட்ட கட்சி மீளவே மீளாது என்று பலர் நினைப்பது சரியல்ல: அதே இந்திரா அணி 1980இல் 353 இடங்களுடன் ஆட்சிக்குத் திரும்பியது, அதற்கு 1977இல் வென்று ஆட்சி அமைத்த ஜனதா கட்சி 1979இல் தானே உடைந்ததும் ஒரு பெரிய காரணம்.