கார நீர் குடித்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறையுமா?

குறையாது. பிஎச் என்பது அமில, கார அளவு: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். பிஎச் 9 உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தாலும் ரத்தத்தின் பிஎச் அசையாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பிஎச் 9 என்றால் ஒரு லிட்டரில் இருக்கும், காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு அயனி வெறும் 0.01 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). இரைப்பை நீரின் பிஎச் 2 என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு மில்லிலிட்டரிலேயே அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி 0.01 மில்லிமோல் உண்டு. ஆக, ஒரு லிட்டர் கார நீரை ஒரு மில்லிலிட்டர் இரைப்பை நீர் சமன் செய்துவிடும். இரைப்பையோ நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சுரக்கிறது. நீரில் காரத்தன்மையுள்ள பைகார்பனேட் உப்புகள் கரைந்திருந்தால் இன்னும் சற்று அமிலம் செலவாகும், அவ்வளவுதான். மிச்சமாகும் பைகார்பனேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை. இதைக் காப்பதில் முக்கியமான ஜோடி பைகார்பனேட்டும் கார்பன் டைஆக்சைடும். தமனி ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல்; கரைந்த கார்பன் டைஆக்சைடு 1.2 மில்லிமோல். இந்த 20க்கு 1 என்ற விகிதம் நிலைத்தால் பிஎச் 7.4 என நிற்கும். இரண்டில் எது மாறினாலும் பிஎச் மாறும். கார்பன் டைஆக்சைடை நுரையீரலும் பைகார்பனேட்டைச் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

நுரையீரல் வேகமானது. ஒரு நாளில் ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கார்பன் டைஆக்சைடை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடினால் சில நிமிடங்களிலேயே மூச்சு ஆழமாகிறது. உண்மையிலேயே ரத்தத்தைக் காரமாக்க எளிய வழி, தேவையில்லாமல் வேகவேகமாக மூச்சு விடுவதுதான்! பதற்றத்தில் சிலருக்கு இதுவே நேர்கிறது. கார்பன் டைஆக்சைடு குறைந்து பிஎச் ஏறுகிறது. அப்போது ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் அயனி குறைகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கும். முற்றினால் விரல்கள் உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். ரத்தம் காரமானால் நல்லது என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகம் மெதுவானது, ஆனால் மூச்சில் வெளியேறாத அமிலத்துக்கு வேறு வழியே இல்லை. புரத உணவிலிருந்து வரும் கந்தக அமிலம் போன்றவை நாளுக்குச் சுமார் 70 மில்லிமோல். சிறுநீரின் பிஎச் 4.5க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. அந்த அளவில்கூட ஒரு லிட்டரில் 0.03 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனிதான் தனியாக இருக்க முடியும். அதனால் மீதி முழுவதும் பாஸ்பேட்டோடும் அம்மோனியாவோடும் சேர்ந்தே வெளியேறுகிறது. அம்மோனியா உற்பத்தியைப் பெருக்கச் சிறுநீரகத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும்.

சிறுநீர் பட்ட சோதனைத் தாளின் நிறம் மாறியதைக் காட்டி, 'உடம்பு காரமாகிவிட்டது' என்பது தவறான முடிவு. சிறுநீரின் பிஎச் 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டால் அது உயரும். உபரியைச் சிறுநீரகம் ஒழுங்காக வெளியேற்றுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். ரத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

காரம் மருந்தாகப் பயன்படும் இடங்களும் உண்டு. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரைக் காரமாக்க சிட்ரேட் கொடுப்பார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் குறைந்தால் அதையே மாத்திரையாகத் தருவார்கள். இரண்டுமே பரிசோதனை பார்த்து அளவு முடிவு செய்பவை. சமையல் சோடாவைத் தாமாகக் கரைத்துக் குடிப்பது வேறு: ஒரு தேக்கரண்டியில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தமோ இதய பலவீனமோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

நீரிழிவு நோயாளிக்கு வாந்தி, வயிற்று வலியோடு ஆழமான வேக மூச்சும், மூச்சில் பழ வாடையும் வந்தால் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். இன்சுலினும் நரம்பு வழி நீரும் உடனே தேவைப்படும் நிலை இது. எந்தக் கார பானத்தையும் கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.