மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டேனா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்த காலத்தில் தோழி ஒருத்தி யோவான் சுவிசேஷத்தை வாசிக்கச் சொன்னாள். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசும் இடத்தில் அழுதுவிட்டேன். தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் முன்னால் அவள் கூனிக் குறுகி நிற்கவில்லையே! அன்றிலிருந்து அவரைப் பின்பற்றுகிறேன். வேதம்தான் எனக்குத் துணையாக இருந்தது.

போன வருடம் மாற்கு மூன்றாம் அதிகாரம் வாசித்தேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு என்றென்றைக்கும் மன்னிப்பு கிடையாது என்று இருந்தது. அன்றிரவு ஜெபத்தில் ஆவியானவரைப் பற்றி எழுதக் கூசுகிற ஒரு வார்த்தை மனதில் வந்துவிட்டது. இப்போது முழங்கால் போட்டாலே அதுதான் வருகிறது. உடனே மன்னிப்புக் கேட்பேன். முழு மனதோடு கேட்டேனா என்று சந்தேகம் வரும், மறுபடி கேட்பேன். சங்கீதம் வாசிக்கும்போது அந்த வார்த்தை குறுக்கிட்டால் முதல் வசனத்திலிருந்து தொடங்குவேன். ராத்திரி வெகுநேரம் ஆகிவிடுகிறது. "ஆண்டவர் என்னை மன்னிச்சிருப்பார்தானே?" என்று தினமும் கேட்டுக் கேட்டு என் கணவர் அலுத்துப் போய்விட்டார். சபையில் ஒருவர் உபவாசம் இருக்கச் சொன்னார். இருந்தேன், எண்ணங்கள் கூடின.

கொஞ்ச நாள் வேதத்தை மூடி வைத்துவிடலாமா? அப்படி நினைப்பதே மறுதலிப்பு ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரி,

மூடி வைக்க வேண்டாம். ஆனால் இப்போது வாசிக்கிற விதத்தை மாற்றியாக வேண்டும்.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாதுதான். இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பது ஓசிடி என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ண சுழற்சி நோயின் ஒரு வகையோடு அப்படியே பொருந்துகிறது. கை கழுவிக்கொண்டே இருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். பாவ பயத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களை "ரொம்ப பக்தி" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

வேண்டாத எண்ணம் வருவதே நோய் அல்ல. 1978-ல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் தங்களுக்கும் இப்படி விரும்பாத, அருவருப்பான எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, அது போய்விடுகிறது. நீங்கள் திடுக்கிட்டு நின்று விசாரணை நடத்துகிறீர்கள். எதை உயிராக நினைக்கிறோமோ, எண்ணமும் அதைத்தான் குறிபார்க்கும். ஆண்டவர்மேல் அக்கறை இல்லாதவருக்கு அந்த வார்த்தை ஒரு பொருட்டே இல்லை.

மாற்கு 3-ஐப் பற்றி ஒரே ஒரு முறை சொல்கிறேன். பிசாசு பிடித்தவர்களுக்கு விடுதலை கிடைப்பது தெரிந்த பிறகும், பிசாசுகளின் தலைவனைக் கொண்டுதான் இயேசு இதைச் செய்கிறார் என்று எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர்கள் தீர்மானமாகப் பேசினார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதால்தான் இயேசு இதைச் சொன்னார் என்று முப்பதாம் வசனமே காரணத்தைத் தருகிறது. தெளிந்த புத்தியோடு நன்மையைத் தீமை என்று சாதித்தவர்கள் அவர்கள், மன்னிப்பும் கேட்கவில்லை. தூக்கம் கெட்டு மன்னிப்புக் கேட்கும் உங்களை அந்த வரிசையில் நிறுத்த அந்த அதிகாரத்தில் இடமில்லை.

மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1666-ல் வெளியிட்ட தன் வரலாற்றில், "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்ற குரல் மனதுக்குள் ஓயாமல் துரத்தியதை எழுதியிருக்கிறார். மூத்த மகனுக்குரிய உரிமையை விற்றுவிட்டு, பிறகு கண்ணீர்விட்டும் மனமாறுதல் காணாத ஏசாவைப் பற்றிய வசனம் அவரை வதைத்தது, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வசனம் தூக்கி நிறுத்தியது. பல வாரங்கள் இரண்டுக்கும் நடுவில் அல்லாடினார். அதற்காக அவரை அவிசுவாசி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் காலத்தில் சிகிச்சை இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

ஒவ்வொரு முறை மன்னிப்புக் கேட்டதும் சிறிது நேரம் நிம்மதி வருகிறதல்லவா? அங்கேதான் சிக்கல். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோல, அந்த நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. அதனால் எண்ணம் வரட்டும், பதிலுக்கு எதுவும் செய்யாமல் இருங்கள் என்று பழக்குகிற ஒரு சிகிச்சை உண்டு. அதற்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். கூடவே மனநல மருத்துவர் செர்ட்ரலின், ஃப்ளூவோக்சமின் போன்ற மருந்துகளில் ஒன்றைத் தரலாம். பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும் என்று 1 இராஜாக்கள் 19-ஐக் காட்டுங்கள். பிரசங்கம் அல்ல! உபவாசம் இப்போதைக்கு வேண்டாம்.

வாசிப்பில், மாற்குவை முதலிலிருந்து கதையாக வாசியுங்கள். அந்த வார்த்தை குறுக்கிட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்கள் அடுத்த வசனத்துக்குப் போங்கள். பின்னால் திரும்பாதீர்கள். நெஞ்சு படபடக்கும், அதோடேயே தொடருங்கள். பாவ அறிக்கை ஒரு நாளைக்கு ஒருமுறை போதும், அதுவும் நீங்கள் செய்த காரியங்களுக்கு மட்டும். ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுவான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைக் குணமாக்கினார். சந்தேகம் முழுதாகத் தீர்ந்த பிறகுதான் அவரிடம் போகலாம் என்பது உங்கள் நோய் போட்ட நிபந்தனை, வேதம் போட்டதல்ல.

கணவரிடம் இதைக் காட்டுங்கள். "மன்னிச்சிருப்பாரா" என்று நீங்கள் கேட்டால், "இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை, வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று அவர் சொல்லட்டும். கோபத்தோடு வேண்டாம். நீங்களும் இந்தப் பதிலை ஆறுதலுக்காகத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்காதீர்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அன்றைக்கே கணவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். அவரிடம் "மனசு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனச்சோர்வுக்கு மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். எந்த எண்ணம் வருகிறது, பிறகு என்னென்ன செய்கிறீர்கள், அதில் எவ்வளவு நேரம் போகிறது என்று எனக்கு எழுதியதுபோலவே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூசினால் தாளை நீட்டினாலே போதும்.