கார்டு இல்லாத கேமராவில் இருநூறு படங்கள்

கேள்வி: மிரர்லெஸ் கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் தோழியின் பிறந்தநாள் விருந்தில் இருநூறு படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேமராவில் மெமரி கார்டே இல்லை, லேப்டாப்பில் சொருகியபடி இருக்கிறது. தோழியிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கார்டை மறக்காமல் போட்டுக்கொண்டு போனேன். வெளியில் குழந்தைகளை எடுத்த படங்கள் எல்லாம் நீலமாக, மணல் தூவியதுபோல வந்திருக்கின்றன. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதா? அந்த இருநூறு படங்களை மீட்க முடியுமா? நீலப் படங்களையாவது சரிசெய்யலாமா?

பதில்: அந்த இருநூறும் திரும்ப வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீட்பு மென்பொருள் தேடி இன்னும் இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். அழிந்த படம் வேறு, எழுதப்படாத படம் வேறு. கார்டில் எழுதி அழிந்ததைத் தோண்டி எடுக்க வழி உண்டு. உங்கள் படங்களுக்கு எழுத இடமே இருக்கவில்லை. ஷட்டரை அழுத்தியதும் ஒவ்வொரு படமும் கேமராவின் தற்காலிக நினைவகத்துக்கு வந்தது, திரையில் இரண்டு விநாடி முகம் காட்டியது, அடுத்த படத்துக்கு இடம் விட்டுப் போய்விட்டது.

அந்த இரண்டு விநாடிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. சத்தம் கேட்டது, படமும் தெரிந்தது, அப்புறம் எங்கே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கார்டு இல்லை என்ற எச்சரிக்கை திரையின் ஓரத்தில் சின்னதாக இருந்திருக்கும். கேக் வெட்டும்போது யார் ஓரத்தைப் பார்க்கிறார்கள்?

கார்டு இல்லாமல் கேமரா ஏன் வேலை செய்ய வேண்டும் என்று கோபம் வரலாம். கடையில் வாங்க வருகிறவர் அழுத்திப் பார்க்க வேண்டும். கேபிள் போட்டு நேராகக் கணினியில் சேமிக்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கும் அது தேவை. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மெனுவுக்குள் போனால் அணைத்துவிடலாம். கேனனில் 'ரிலீஸ் ஷட்டர் வித்தவுட் கார்டு', சோனியில் 'ரிலீஸ் வித்தவுட் கார்டு', நிக்கானில் 'ஸ்லாட் எம்ப்டி ரிலீஸ் லாக்' என்பதுபோல இருக்கும்; மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். நிக்கானில் மட்டும் கவனம்: அது பூட்டு, ஆகவே அங்கே பூட்டுகிற பக்கம் வைக்க வேண்டும். வைத்தபின் கார்டை எடுத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஷட்டர் அசையக் கூடாது.

எனக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. சோவியத் யூனியன் வெள்ளிக் கிரகத்துக்கு வெனேரா என்ற விண்கலங்களை வரிசையாக அனுப்பியது. 1975-இல் இறங்கிய வெனேரா 9, வெனேரா 10 இரண்டிலும் இரண்டிரண்டு கேமரா. இரண்டு கலத்திலுமே ஒரு கேமராவின் மூடி கழன்று விழவில்லை. சுற்றிலும் எடுக்கவேண்டிய இடத்தில் பாதிதான் கிடைத்தது. 1978-இல் போன வெனேரா 11, 12 இரண்டிலும் எந்த மூடியும் கழலவில்லை. ஒரு படம்கூட இல்லை. 1982-இல் வெனேரா 14-இல் மூடிகள் ஒழுங்காகக் கழன்றன. ஆனால் ஒரு மூடி விழுந்த இடம், மண் எவ்வளவு கெட்டி என்று அளக்க நீட்டப்போகும் கைக்கு நேர் கீழே. கை இறங்கியது, அழுத்தியது, லென்ஸ் மூடியின் கெட்டித்தன்மையை அளந்து பூமிக்கு அனுப்பியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் போய்ச் செய்த பிழை அது. உங்களுடையது ஒரு பிறந்தநாள்.

என் கதையும் ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் தொழில் பழகியவன் நான். ஒரு கல்யாணத்தில் 36 படம் பிடிக்கும் ரோலைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கவுண்டர் 37 காட்டியது, 38 காட்டியது. சில ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும், அதனால் சந்தோஷம்தான். 41 வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருட்டிலேயே பின்மூடியைத் திறந்து விரலால் தடவினேன். ஃபிலிமின் நாக்கு எதிர்ப்பக்கச் சுருளில் மாட்டவே இல்லை. ஒரு விரற்கடை நீளம் வெளியே நீட்டிக்கொண்டு, காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. லீவரைத் தள்ளியபோதெல்லாம் சுருள் மட்டும் வெறுமனே சுற்றியிருக்கிறது. திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "வெளிச்சம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுத்துவிடலாம்" என்று எல்லாரையும் மறுபடி நிற்க வைத்தேன். வெளிச்சத்தின்மேல் பழி போடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வெளிச்சம் திருப்பிப் பேசாது.

ஃபிலிமை நகர்த்தும்போது இடப்பக்கத்துக் குமிழ் கூடவே சுழல வேண்டும், சுழலாவிட்டால் உள்ளே ஃபிலிம் நகரவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தார்கள். தெரிந்திருந்தது. அன்றைக்குப் பார்க்கவில்லை. உங்கள் கார்டும் அப்படித்தான். கார்டு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

சரி, நீலத்துக்கு வருவோம். ஒரு ஊகம் சொல்கிறேன்: அந்தப் பிறந்தநாள் விருந்து ராத்திரியில், உள்ளே, மஞ்சள் விளக்குக்குக் கீழே நடந்திருக்கும். முகங்கள் ஆரஞ்சாகத் தெரிந்ததால் வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸில் பல்புச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வெளிச்சம் போதாமல், கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியிருப்பீர்கள். இரண்டுமே அன்றைக்குச் சரியான முடிவு. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கேமராவை அணைத்தால் அந்த செட்டிங் அழியாது. ஒரு வாரம் பையில் அப்படியே இருந்து, குழந்தைகள் வெயிலில் ஓடியபோது அதே விருந்து செட்டிங்கோடுதான் வெளியே வந்தது.

வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: பல்பு வெளிச்சம் சுமார் 3200 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5500. மஞ்சளை ஈடுகட்ட கேமரா நீலத்தைக் கூட்டுகிறது. மஞ்சளே இல்லாத பகலில் அந்த நீலம் மட்டும் மிஞ்சும். மணல்போலத் தெரிவது ஐஎஸ்ஓவின் வேலை. 100-இலிருந்து 6400 வரை ஆறு முறை இரட்டிக்கிறது, அதாவது 64 மடங்கு. அவ்வளவு குறைந்த வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு அதைப் பெருக்கினால், படத்தில் மணலாகத் தெரியும் இரைச்சலும் சேர்ந்து பெருகத்தான் செய்யும். தூரத்து வானொலி நிலையத்தைப் பிடித்து ஒலியைக் கூட்டுவதுபோலத்தான்.

படங்கள் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக, இருந்தால் கவலையை விடுங்கள். ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது படத்தோடு போகும் ஒரு குறிப்பு மட்டும். எடிட் செய்யும்போது 'டேலைட்' என்று மாற்றினால் நீலம் அந்தக் கணமே போய்விடும், தரம் துளியும் குறையாது. இரைச்சலையும் இப்போதுள்ள மென்பொருள்கள் நன்றாகவே குறைக்கின்றன. கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் நீலம் படத்துக்குள் வெந்து கலந்துவிட்டது. டெம்பரேச்சர் ஸ்லைடரை மஞ்சள் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். முதலில் முகத்தைப் பாருங்கள், வானத்தை அல்ல. முக்கால்வாசி சரியாகும். தோல் நிறம் மட்டும் பிடிவாதம் பிடித்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். நீலம் காணாமல் போகும், மணலோ வேண்டுமென்றே சேர்த்ததுபோல அழகாகத் தெரியும். இப்படித் தப்பித்த படங்களை நான் கண்காட்சியிலேயே பார்த்திருக்கிறேன்; யாருடையவை என்று சொல்ல மாட்டேன்.

இனி இது நடக்காமல் இருக்க என்ன செய்வது? கிளம்பும்முன் எல்லாவற்றையும் சரிபார் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிளம்பும்போது அவசரம், சாவியைத் தேடிக்கொண்டிருப்போம். கேமராவை உள்ளே வைக்கும்போது அவசரம் இல்லை, அப்போது செய்யுங்கள். பையில் வைக்கும்முன் ஐஎஸ்ஓ ஆட்டோவுக்கு, ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவுக்கு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பூஜ்யத்துக்கு, ஃபோகஸ் ஆட்டோவுக்கு. அரை நிமிடம் ஆகாது. உங்கள் கேமராவின் டயலில் சி1 என்று இருந்தால் இன்னும் சுலபம். இந்த அடிப்படை செட்டிங்கை, ரா உட்பட, அதில் ஒருமுறை பதிந்துவைத்துவிட்டு, பைக்குள் போகும்போது டயலைத் திருப்பி சி1-இல் விடுங்கள். அன்றைக்கு நடுவில் எதை மாற்றினாலும் மறுபடி சி1-க்கு வந்தால் பழையபடி ஆகிவிடும். சில மாடல்களில் மாற்றத்தைத் தானாகவே பதிந்துகொள்ளும் வசதி இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கார்டுக்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். கார்டை வெளியே எடுத்தால் அந்தக் கதவை மூடாதீர்கள். கார்டு திரும்ப உள்ளே போகும்வரை கதவு வாயைப் பிளந்துகொண்டு மேசைமேல் கிடக்கட்டும். கதவு திறந்த கேமராவைப் பையில் வைக்கக் கை வராது. பேட்டரிக்கும் இதே கதைதான். நான் பேட்டரியைச் சார்ஜரில் விட்டுவிட்டு ஒரு மலையே ஏறியிருக்கிறேன்.

பையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று வைப்பதும் உதவும். 1969 நவம்பரில் அப்போலோ 12-இல் நிலவுக்குப் போன பீட் கான்ராடும் ஆலன் பீனும் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே படம் எடுக்க வைக்கும் ஒரு செல்ஃப் டைமரை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோனார்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வந்தால், எடுத்தது யார் என்று பூமியில் எல்லாரும் மண்டையைக் குடைந்துகொள்வார்கள் அல்லவா? நேரம் வந்தபோது பையில் துழாவினால் டைமர் கிடைக்கவில்லை. அது கையில் பட்டபோது படம் எடுக்க நேரம் இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து மாட்டப்போவது இதில்தான் என்பதால் சொல்கிறேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், கண் பார்வைக்கு ஏற்பத் திருப்புவதற்கு. பையில் உரசியே அது திரும்பிவிடும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று முகம் வெளுத்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நான் அந்தச் சக்கரத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். கண்டுபிடிப்பது எளிது: வ்யூஃபைண்டருக்குள் எண்களும் எழுத்துகளும் சேர்ந்து மங்கலாகத் தெரிந்தால் சக்கரம்தான் காரணம். எழுத்து தெளிவாக இருந்து காட்சி மட்டும் மங்கினால் ஃபோகஸைப் பாருங்கள். படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு நிழல் விழுந்தால் ஃப்ளாஷ் வெளிச்சத்தை லென்ஸின் முன்னால் மாட்டும் லென்ஸ் ஹுட் மறைக்கிறது, கழற்றிவிடுங்கள். கார்டு எழுதமாட்டேன் என்றால் அதன் ஓரத்தில் உள்ள பூட்டு நழுவியிருக்கும்.

படம் உள்ள கார்டையே ஒருநாள் ஃபார்மேட் செய்துவிட்டால் மட்டும் உடனே கேமராவை அணைத்து, கார்டை எடுத்துத் தனியே வையுங்கள். சாதாரண ஃபார்மேட் படங்களின் பட்டியலைத்தான் அழிக்கிறது. மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தேடித் தரும். மீட்டதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. கார்டு முழுவதையும் துடைத்துவிடும் லோ லெவல் ஃபார்மேட் செய்திருந்தால் அநேகமாக ஒன்றும் தேறாது.

தோழியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது, படம் எங்கே என்று அவர் கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பார். சொல்லும்போதே அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் ஃபோனில் உள்ளதை அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். வந்ததை எல்லாம் நேர வரிசையில் அடுக்கி, நிறத்தைச் சரிசெய்து, நீங்களே ஒரு ஆல்பமாகப் போட்டுக் கொடுங்கள். அதில் நாலைந்து படத்திலாவது கார்டு இல்லாத கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மும்முரமாக நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். அவற்றை எடுத்துவிடாதீர்கள்.