உப்புக்காற்றும் ஐந்து ஸ்டாரும்

கேள்வி: கடலோர ஊர்களில்கூட இல்லத்தரசிகள் கடைப்பக்கமே போகாமல் எல்லாவற்றையும் போனிலேயே வாங்கிவிடுகிறார்களே, இது சோம்பேறித்தனம் இல்லையா?

பதில்: நீங்கள் கடைசியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனது எப்போது? அதைச் சொல்லுங்கள், சோம்பேறித்தனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வீட்டிலிருந்தே வாங்குவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1984-இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில், ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி டிவி ரிமோட்டை அழுத்தியே டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடியிலிருந்து மளிகை வரவழைத்தார். முதியவர்கள் அலையக் கூடாது என்று உள்ளாட்சி நிர்வாகமே செய்துகொடுத்த ஏற்பாடு அது.

'எல்லாவற்றையும்' என்கிறீர்களே, அதுவும் தப்பு. கடலை நம்பிய வீட்டுக்கு முதல் தேதி சம்பளம் கிடையாது. படகு போனால் காசு, காற்று எழும்பினால் கை காலி. அந்த நாட்களில் அடுப்பு எரிவது கடைக்காரரின் கடன் நோட்டால்தான். ஆப்பிலும் 'இப்போது வாங்கு, பிறகு கொடு' உண்டு. ஆனால் அதற்குத் தவணைத் தேதிதான் தெரியும், புயல் தெரியாது. நோட்டில் தன் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் அந்தக் கடையை விடமாட்டாள்.

சரி, போனில் எதை வாங்குகிறாள்? பளபளவென்று வாங்கி வந்த எவர்சில்வர் ஸ்டாண்டைக் கொஞ்ச மாதம் கழித்துப் பாருங்கள். திருகைச் சுற்றி, டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு. உப்புக்காற்றின் வேலை. பரவலாகக் கிடைப்பது 304 ரகம். கடலோரத்துக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம்தான் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கடையில் கேட்டால், "எல்லாம் எவர்சில்வர்தாம்மா" என்று பதில் வரும். போனில் தேடினால் 316 என்று போட்டே விற்கிறார்கள். அதிலும் கீழே கிடக்கும் ஐந்து ஸ்டார் பாராட்டை அவள் அப்படியே நம்புவதில்லை. எழுதியவர் வீட்டுக்கும் கடலுக்கும் எத்தனை தூரமோ! துணியென்றால் போனும் உதவாது, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு கணக்குப் போடுகிறவளுக்கா சோம்பேறி என்று பெயர்? கடைக்காரர் அந்த 316-ஐ வாங்கி வைக்கட்டும், நாளைக்கே கடைக்கு வருவாள். பையை நீங்கள் தூக்கிக்கொண்டு கூடவே வரலாம்.