கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ஃபோல்டருக்கு வெளியே

மண்ணடியில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறோம். ஒரே பில் ஆஃப் என்ட்ரியை (பிஇ, இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் தாள்) பார்ட்டி பெயரில் ஒரு ஃபோல்டர், கப்பல் பெயரில் ஒன்று, மாதவாரியாக ஒன்று என மூன்று இடத்தில் காப்பி போடுகிறோம். எது கடைசியாகத் திருத்தியது என்றே தெரிவதில்லை. வேறு வழி உண்டா?

காப்பியை நிறுத்துங்கள். வருஷத்துக்கு ஒரே ஃபோல்டர், ஒரு தாளுக்கு ஒரே ஃபைல். பார்ட்டி, கப்பல் எல்லாம் ஃபைலின் பெயருக்குள் வரட்டும். ‘2025-03-07 பார்ட்டி - பிஇ - கப்பல் - கன்டெய்னர் எண்’ என்ற வரிசை போதும். வருஷம் முதலில், மாதத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கம். 7-3-2025 என்று எழுதினால் மார்ச்சும் டிசம்பரும் கலந்து நிற்கும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறியை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது.

பிறகு தேடல். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். யார்டிலிருந்து போனில் கேட்பவர் கடைசி நாலு நம்பரைத்தான் சொல்வார். விண்டோஸ் தேடலோ சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும். அதனால் நம்பருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருளில் அதுவும் வேண்டாம், பெயரின் நடுவில் இருந்தாலும் அடிக்க அடிக்கவே வந்து நிற்கும்.

அடிக்கடி பார்க்கும் பார்ட்டிக்கு ஒருமுறை தேடி, விண்டோஸ் 10-ல் ‘சர்ச்’ டேபிலுள்ள ‘சேவ் சர்ச்’ கொடுங்கள். பார்வைக்கு ஃபோல்டர் மாதிரியே இருக்கும், புதுத் தாள் வந்தால் தானே சேரும். ஆனால் எச்சரிக்கை: அந்தச் சேமித்த தேடலை அழித்தால் ஒன்றும் போகாது. அதைத் திறந்து உள்ளே ஒரு ஃபைலை அழித்தால் அசலே போய்விடும். ஆபீஸ் பையனுக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

டி டிரைவில் வைத்திருந்தால் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘மாடிஃபை’ கொடுத்து அந்த ஃபோல்டரை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் தேடல் ஆமை வேகம், உள்ளே இருக்கும் வார்த்தைகளும் கிடைக்காது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான். ஸ்கேனர் மென்பொருளில் ‘சர்ச்சபிள் பிடிஎஃப்’ (உள்ளே வார்த்தை தேடக்கூடியது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து 300 டிபிஐ-யில் எடுங்கள்.

ஃபைலுக்கு டேக் (தேட உதவும் அடையாளச் சொல்) போடலாமே? (தண்டையார்பேட்டை வாசகி)

ஜேபெக் படம், வேர்டு, எக்ஸெல் ஃபைலுக்குப் போடலாம்: ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டீட்டெய்ல்ஸ்’, ‘டேக்ஸ்’. பிடிஎஃப்புக்கு அந்த வரியே வராது. படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் டேக் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். பாதி ஃபைலுக்கு டேக், பாதிக்கு இல்லை என்றால் தலைவலிதான். பெயரே மேல்.

ராயபுரத்தில் டிடிபி கடை. அழைப்புப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே குவிந்திருக்கின்றன. தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துக் குவியல். நீங்கள் தேடுவது யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டரும் தமிழாகவே அறியும் எழுத்துமுறையில். இரண்டும் பொருந்தாது. பேஜ்மேக்கர் ஃபைலுக்குள் தேடுவதை விட்டுவிட்டு, சேமிக்கும்போதே குடும்பப் பெயர், தெரு, தேதியை யூனிகோடில் ஃபைல் பெயராக வையுங்கள். விண்டோஸ் தமிழ்ப் பெயரைத் தாராளமாக ஏற்கும்.

வேர்டில் உள்ள பழைய மேட்டரை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றலாம். காப்பி எடுத்து அதில் மட்டும் செய்யுங்கள்: நடுவே ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழெழுத்தாக மாறிக் குழறுபடி ஆகும்.

டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். அது பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கிறது, ஃபார்மேட் போட்டால் அஞ்சலி போஸ்டரோடு எல்லாம் போகும். ஃபைல்கள் டி டிரைவில் இருக்கட்டும், டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போதும்.