வாலில் தெரியும் சிவப்புப் புள்ளி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மனிதப் புற்றுநோய் செல்களுக்குச் சிஎம்-டைஐ என்ற சிவப்புச் சாயம் ஏற்றி, 2 நாள் வயதுள்ள வரிக்குதிரை மீன் கருக்களில் செலுத்துகிறோம். 3 நாள் கழித்துப் பல கருக்களின் வாலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. இதைப் புற்றுநோய்ப் பரவல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். சாயம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் புள்ளி காட்டுகிறது. சாயம் வாலுக்கு வந்துசேர மூன்று வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் பரவல்.

முதல் சந்தேகம் ஊசியின் மேல். மஞ்சள்கருப் பையை ஒட்டிய பெரிவிட்டலைன் இடைவெளியில்தான் செல்களை விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊசி நுனி கொஞ்சம் விலகி ஓர் இரத்தக் குழாயைத் தொட்டால் போதும், செல்கள் நேரே இரத்தத்தில் கலந்து வாலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் ஊசி போட்ட 1–2 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு கருவையும் ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். அப்போதே வாலில் சிவப்பு தெரிந்தால் அந்தக் கருவை ஒதுக்கிவிடுங்கள். எத்தனை ஒதுக்கினீர்கள் என்றும் எழுதி வையுங்கள்.

அடுத்தது மேக்ரோஃபேஜ், அதாவது செத்த செல்களை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல். பலரும் ஏமாறுவது இங்கேதான். சிஎம்-டைஐ செல் சவ்வில் ஒட்டும் சாயம். செல் செத்தால் சாயமும் கூடவே அழிந்துவிடாது. செத்த துணுக்குகளை மேக்ரோஃபேஜ் விழுங்கி, தானும் சிவப்பாகி, வால் பக்கம் நகர்ந்துபோகும். அதைக் கண்டுபிடிக்க, மேக்ரோஃபேஜ் பச்சையாக ஒளிரும் எம்பெக்1 மீன் வகையைப் பயன்படுத்துங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே தளத்தில், ஒரே செல்லுக்குள் விழுந்தால் அது பரவல் இல்லை. கூடவே, அதே சாயம் ஏற்றிக் கொன்ற செல்களை ஒரு தொகுதிக் கருக்களில் செலுத்துங்கள். அவற்றின் வாலில் தெரியும் புள்ளிகள்தான் உங்கள் பின்னணி எண்ணிக்கை.

இன்னொன்று: செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரியச் சாயம் பாதி பாதியாகக் குறையும். 5 முறை பிரிந்தால் ஆரம்ப ஒளியில் 32இல் ஒரு பங்குதான் மிஞ்சும். நன்றாக வளரும் செல் மங்கிப்போய், வளராமல் கிடக்கும் செல் பளிச்சென்று தெரியும். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் லென்டிவைரஸ் வழியாக, சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி புரதத்தின் மரபணுவை ஏற்றிய செல்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் எம்செர்ரி அமிலத்தைத் தாங்கும் புரதம், மேக்ரோஃபேஜ் விழுங்கிய பிறகும் சிறிது காலம் ஒளிரும். ஆகவே செத்த செல் சோதனையை அப்போதும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஊசி, ஒரே அழுத்தம். ஆனால் ஒரு கருவில் நிறைய செல்கள், அடுத்ததில் சொற்பம். ஏன்?

ஊசிக்குள் செல்கள் அடியில் படிகின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் 1,00,000 செல் இருந்தால் 2 நானோலிட்டருக்கு 200 செல் வர வேண்டும். நேரம் ஆக ஆக நுனியில் கட்டி சேர்ந்து, முதலில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் விழும், சில சமயம் அடைத்தே போகும். செல்களை 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள், ஊசியில் கொஞ்சமாக நிரப்புங்கள், அடிக்கடி மாற்றுங்கள். துளியை மினரல் ஆயிலில் விட்டு அளந்து பாருங்கள்: 2 நானோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 0.156 மி.மீ. வரும்.

கேள்வி: கருக்களை எந்த வெப்பநிலையில் வைப்பது?

மீனுக்கு 28.5 டிகிரி, மனித செல்லுக்கு 37 டிகிரி. நடுவில் 34 டிகிரி என்று சமரசம் செய்துகொள்வதே வழக்கம். படம் எடுக்கும்போது மயக்க மருந்து டிரைகெய்ன் லிட்டருக்கு 160 மி.கி. அளவில், காரகாடித்தன்மையை (pH) 7க்குச் சரிசெய்து கொடுங்கள். மிஞ்சினால் இதயத் துடிப்பு தளரும், இரத்த ஓட்டம் குறையும், செல்கள் தங்கும் இடமே மாறிவிடும்.

கேள்வி: எலியின் நுரையீரலில் கண்ட புற்றுநோய் செல், கட்டியின் எந்தப் பகுதியிலிருந்து போனது என்று அறிய முடியுமா?

முடியும். டென்ட்ரா2 என்ற புரதம் பச்சையாக ஒளிரும். 405 நானோமீட்டர் ஒளி பட்டால் சிவப்பாகிவிடும், திரும்பி மாறாது. மார்பகக் கட்டியின் மேல் கண்ணாடிச் சன்னல் பொருத்தி, ஒரு சிறு பகுதியை மட்டும் சிவப்பாக்கிவிட்டு, பின்னர் நுரையீரலைப் பாருங்கள். சிவப்புச் செல் அந்தப் பகுதியிலிருந்து வந்தது. செல் தொடர்ந்து புதிய பச்சைப் புரதத்தை உண்டாக்கும், பிரியும்போது சிவப்பும் பங்காகும். அதனால் நாள் தள்ளிப் போடக்கூடாது.

கேள்வி: இதை நோயாளியிடம் செய்ய முடியாதா?

மரபணு ஏற்றிய செல்களை யாருக்கும் செலுத்தப்போவதில்லை. ஆனால் அறுவை மேசையில் ஒளிர்வு பயன்பாட்டில் இருக்கிறது. மூளையின் கிளியோமா கட்டிக்கு, கிலோவுக்கு 20 மி.கி. 5-ஏஎல்ஏ மருந்தை மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். கட்டியின் செல்களில் புரோட்டோபோர்ஃபிரின் என்ற ஒளிரும் பொருள் சேர்ந்து, நீல ஒளியில் சிவப்பாகத் தெரியும். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. கொடுத்த பிறகு 48 மணி நேரத்துக்கு நோயாளியின் தோலிலும் கண்ணிலும் வெயிலோ பலமான விளக்கொளியோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.