கடலோர ஊரிலிருந்து ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போக முடியுமா?

"ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். கிட்டார் சரியாக வராதவர்கள்தான் பேஸ் பக்கம் ஒதுங்குவார்கள் என்கிறார்களே, இங்கிருந்து ஒரு ராக் குழுவில் பேஸ் வாசிப்பவனாகச் சேர முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். கேள்வியின் நடுவில் அந்த ஏச்சு இல்லாதிருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன்.

நீங்கள் பள்ளியை முடிக்கும் வயதில் இருக்கிறீர்கள், கையில் ஒரு சாதாரண கிட்டார் இருக்கிறது, கேட்டுப் பழக ஆளில்லாமல் யூடியூபை நம்பியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் உங்கள் மாவட்டத்துத் தங்கச்சிமடத்துக்காரன், அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர், வீட்டில் ஒருவருக்கும் இசையோடு தொடர்பு கிடையாது.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அப்போதெல்லாம் பனைமரத்திலும் மின்கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிதான். பாட்டின் அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்தக் கூம்போ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே இருக்கும் எதையும் ஒழுங்காக வெளியே விடுவதில்லை. ஆகவே இளையராஜாவின் பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்த நான், அவற்றில் பேஸ் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது என்பதையே அறியாமல் வளர்ந்தேன். ராமநாதபுரத்திலிருந்து வரும் தனியார் பேருந்து ஒன்றில் பின்னிருக்கைக்கு அடியில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் பாட்டு ஏறி அதிர்ந்தபோதுதான், எனக்குத் தெரிந்த பாட்டில் எனக்குத் தெரியாத ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

வாத்தியம் கைக்கு வந்தது எங்கள் பங்குக் கோவிலின் பாடற்குழுவில். அங்கே இருந்த பழைய கிட்டாரில் ஆறு கம்பிகளில் மெல்லிய இரண்டும் எப்போதும் இருக்காது. உப்புக் காற்றில் மெல்லிய எஃகுக் கம்பிகள்தாம் முதலில் துருவேறி அறும். உலோக இழை சுற்றிய தடித்த கம்பிகள் ஒலி மங்கினாலும் தாக்குப்பிடிக்கும். மாற்றுக் கம்பிக்கு யாராவது மதுரைக்குப் போய் வர வேண்டும், போகிறவர்கள் மறந்துவிடுவார்கள். எஞ்சிய நான்கு கம்பிகளை வைத்துக்கொண்டே நான் வாசித்தேன். பேஸ் கிட்டாரிலும் இதே ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பிகள்தாம், ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் எந்த சுரம் என்று சொல்லித்தரவும் ஆளில்லை. கீபோர்டு வாசித்த அண்ணனின் இடக்கைச் சுண்டுவிரல் எந்தக் கட்டையில் விழுகிறதோ அதையே நானும் பிடிப்பேன். அந்த விரலை விட்டு நான் கண்ணெடுத்ததில்லை. பூசையில் எழுந்து நிற்க வேண்டிய இடங்களில் எல்லாரும் நின்ற பிறகே நிற்பேன். சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுப்பான கார்டின் அடிச்சுரத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் அங்கே உண்டானதுதான்.

'வராதவர்கள்' விஷயத்துக்கு வருகிறேன். பீட்டில்ஸ் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி, அதுவரை பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்க ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டதால், 1961இல் பேஸை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் அதற்கு முன்வரவில்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவில் பேஸ் வாசிக்கும் ஃபிளீ சிறு வயதில் டிரம்பெட் வாசித்தவர். தன் குழுவுக்கு ஆள் வேண்டும் என்று பள்ளித் தோழன் கேட்டதற்காகப் பேஸ் கற்றார். லெட் செப்பெலின் குழுவில் பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் பதினான்கு வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என்று படித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை ஒளிக்க விரும்பவில்லை. காலியாக இருந்த இடத்துக்கு இவர்கள் வந்தார்கள் என்பது மெய்தான். அதனால் இவர்களுக்குக் கிட்டார் வராது என்று எவரும் சொல்ல முடியுமா? உலகப் புகழ்பெற்றவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வழி இப்படித்தான் திறக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

எனக்கு அது மதுரையில் பொறியியல் படித்தபோது திறந்தது. கல்லூரியின் ராக் குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னைத் தவிர வந்த இருவரும் விரல் வேகத்தில் என்னைவிடப் பல படி மேலே இருந்தார்கள். நானோ அன்றுதான் முதன்முதலாகப் பேஸைத் தொட்டேன். 34 அங்குலக் கம்பி நீளத்துக்கு என் இடக்கை எட்டவே திணறியது. சற்று நேரம் கேட்டுவிட்டு டிரம்மர் மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொன்னார். தம்மோடு மட்டும் ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். சுண்டுவிரலுக்குப் பதிலாக இப்போது நான் அவருடைய வலக்காலைப் பார்த்தேன்; அந்தக் கால் கிக் டிரம்மை மிதிக்கும் இடத்தில் அடிச்சுரத்தை வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. "தம்பி, நாளைக்கும் வா" என்றார்.

சொந்தமாகப் பேஸ் வாங்கியது பிறகு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அப்பா மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கிய ஓர் ஆண்டில், இன்னொருவர் வாசித்த பழையதாக. ஆம்ப் வாங்கப் பணமில்லாததால் அதன் உடலை மர பீரோவில் அழுத்திக்கொண்டு வாசிப்பேன். பீரோவின் பலகை ஒலியை ஓரளவு பெருக்கித் தரும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, ஆறு கம்பில வாங்கக் காசு பத்தலையா?" என்று கேட்டார்.

பணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். செலவுக்காக எங்கள் மாவட்டத்தின் மெல்லிசைக் குழு ஒன்றோடு சில ஆண்டுகள் திருவிழாக் கச்சேரிகளுக்குப் போனேன். விழாக் குழுவினர் தொகையைக் குறைத்தால் முதலில் நிறுத்தப்படுபவர் பேஸ் வாசிப்பவர்தான். கீபோர்டின் இடக்கை பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கீபோர்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை, ஒருவரின் இடக்கையைப் பார்த்தே கற்றவன் நான். ஆனால் அந்தக் கை கார்டையும் பிடித்து, இடைவெளிகளையும் நிரப்பி, மிச்ச நேரத்தில்தான் அடிச்சுரத்தைத் தொட முடியும். மேடைக்கு ஏறினாலும், பேஸ் பாட்டை மூழ்கடிக்கிறது என்று ஒலிக்காரர் அதன் குமிழைத் திருகி வைத்துவிடுவார். குமுறுவது அவருடைய பெட்டிகள் என்று யார் போய்ச் சொல்வது? ஊதியத்தில் பாடுபவருக்கும் எனக்கும் இருந்த இடைவெளியை எழுதினால் வயிற்றெரிச்சல் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

ஊரிலேயே இருந்துகொண்டு சேர முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது என நினைக்கிறேன். மெட்டாலிகா என்ற ராக் குழு கிளிஃப் பர்ட்டனைப் பேஸ் வாசிக்க அழைத்தபோது, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வர மாட்டேன், நீங்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வாருங்கள் என்றார் அவர், குழுவே இடம்பெயர்ந்தது. தங்கச்சிமடத்துக்கு எந்தக் குழுவும் குடிவராது. நான் மதுரைக்கும் பிறகு சென்னைக்கும் போனேன். நீங்களும் போக வேண்டியிருக்கும். அதுவரை உங்கள் கிட்டாரின் மெல்லிய இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, மீதி நான்கையும் வாசித்து முடித்த பின் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் கிட்டார் வாசிப்பவர்களிடம் போகாதீர்கள், அவர்கள் ஏராளமாக இருப்பார்கள், ஒருவரையொருவர் கேட்கவும் மாட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் யார் என்று விசாரித்து, முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.